நீக்கிய செருகுநிரல்கள் விட்டுச் சென்ற தரவு: தரவுத்தளத்தை எப்படிப் பாதுகாப்பாகத் துப்புரவு செய்வது?

செம்மண்பாட்டு

வணக்கம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நானும் என் பழைய மாணவர்களும் சேகரித்த நாட்டுப்புறப் பாடல்களுக்காக 2013 முதல் ஒரு வேர்ட்பிரஸ் தளம் நடத்தி வருகிறேன். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, கும்மி என ஏறத்தாழ 1,900 பதிவுகள் இருக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருக்கும் ஒரே வேலை இதுதான்.

இத்தனை ஆண்டுகளில் நாற்பது செருகுநிரல்களாவது (ப்ளகின்) போட்டுப் பார்த்திருப்பேன். இப்போது இயங்குபவை பதினொன்று. எடுத்துவிட்டேன் என்று நான் நினைத்தவை எல்லாம் தரவுத்தளத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன என்பது போன வாரம்தான் தெரிந்தது. வேர்ட்பிரஸுக்குச் சொந்தமான அட்டவணைகள் 12 என்று படித்தேன். என் தளத்தில் எண்ணினால் 61. தள நலம் என்ற பக்கத்தில், தானாக ஏற்றப்படும் விருப்பங்கள், அதாவது சேமித்து வைத்த அமைப்புகள், 3.4 மெகாபைட் இருப்பதாக எச்சரிக்கை வருகிறது. ஒரு பதிவைத் திருத்தச் சொடுக்கினால் திரை திறக்க எட்டு விநாடி ஆகிறது.

தரவுத்தளத்தைக் காட்டும் பிஎச்பிமைஅட்மின் கருவியைத் திறந்து பார்க்கத் தெரியும், எளிய வினவல் எழுதத் தெரியும். ஆனால் எதைத் தொட்டால் எது சாயும் என்று தெரியவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

புதுவெள்ளம்

அம்மா, இதற்கென்றே துப்புரவுச் செருகுநிரல்கள் இருக்கின்றன. ஒன்றை நிறுவி அலசச் சொன்னால் உரிமையாளர் இல்லாத அட்டவணைகளையும் விருப்பங்களையும் பட்டியலிட்டுக் காட்டும். அனைத்தையும் தேர்ந்தெடுத்து நீக்கிவிடலாம். நான் மூன்று தளங்களில் செய்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்தான் ஆயிற்று.

வைகைக்கரை

அம்மா, தயவுசெய்து அந்த "அனைத்தையும் தேர்ந்தெடு" பொத்தானை அழுத்திவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதல் வேலை காப்புநகல்.

ஹோஸ்டிங் நிறுவனம் தினமும் எடுக்கிறது என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம். பிஎச்பிமைஅட்மினில் ஏற்றுமதி செய்து உங்கள் கணினியில் ஒன்று, வேறொரு இடத்தில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, அந்த நகலிலிருந்து ஒரு சோதனைத் தளத்தை எழுப்பிப் பார்ப்பது. மீட்டுப் பார்க்காத காப்புநகலை நான் காப்புநகலாகக் கணக்கிடுவதே இல்லை. சோதனைத் தளத்தில் நான்கைந்து தமிழ்ப் பதிவுகளைத் திறந்து படியுங்கள். ஏற்றுமதியின்போது எழுத்துக் குறியாக்கம் தவறிப்போனால், ஆங்கிலம் ஒழுங்காக இருக்கும், தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக வரும். முகப்பை மட்டும் பார்த்துவிட்டு "மீண்டுவிட்டது" என்று நினைத்தவர்கள் பல மாதம் கழித்து அழுததை நான் கண்டிருக்கிறேன்.

இனி, எச்சம் ஏன் தங்குகிறது என்பது. ஒரு செருகுநிரலை முடக்குவது வேறு, நீக்குவது வேறு. முடக்கினால் தரவு போகாது, போகவும் கூடாது. நாளை மறுபடி இயக்கும்போது உங்கள் அமைப்புகள் அங்கே இருக்க வேண்டுமல்லவா? நிர்வாகப் பலகையிலிருந்து நீக்கும்போதுதான் அதன் விடைபெறும் நிரல், அதாவது தன் தரவைத் தானே துடைத்துவிட்டுப் போகும் நிரல், ஓடும், அதுவும் எழுதியவர் அப்படி ஒன்றை எழுதியிருந்தால். கோப்பு மேலாளரிலோ எஃப்டிபியிலோ போய் அடைவை மட்டும் அழித்தால் அந்த நிரல் ஓட வாய்ப்பே இல்லை.

உங்கள் நாற்பதில் எத்தனையை அப்படிக் கோப்பு மேலாளர் வழியாக அழித்தீர்கள் என்று நினைவிருக்கிறதா?

செம்மண்பாட்டு

நிறைய, ஐயா. 2017இல் ஒருமுறை தளம் வெள்ளைத் திரையாக நின்றுவிட்டது. நிர்வாகப் பலகையே திறக்கவில்லை. யாரோ சொன்னபடி அடைவுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

காப்புநகல் எடுத்துவிட்டேன். சோதனைத் தளம் இன்றிரவு.

நிரலி

அம்மா, நான் செருகுநிரல் எழுதுபவள். எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எச்சத்தை விட்டுவைப்பது எப்போதும் சோம்பல் இல்லை. இணையக் கடை நடத்த உதவும் ஊகாமர்ஸ் செருகுநிரலை நீக்கினாலும் விற்பனை ஆணைகள் போகாது. அமைவுக் கோப்பில் "எல்லாத் தரவையும் நீக்கு" என்ற மாறிலியை நீங்களே எழுதி வைத்தால்தான் போகும். அது சரியான முடிவு. கோளாறு ஒன்றைத் தேடும்போது செருகுநிரலை நீக்கி மறுபடி நிறுவிப் பார்ப்பது எல்லோரும் செய்கிற வேலை. அந்த ஒரு சொடுக்கில் கடையின் ஐந்தாண்டுக் கணக்கு அழிந்தால் யார் பொறுப்பு?

ஆனால் சோம்பலும் உண்டு. நான் எழுதிய முதல் செருகுநிரலில் விடைபெறும் நிரலே இல்லை. இரண்டாண்டு கழித்து ஒரு பயனர் கேட்ட பிறகுதான் சேர்த்தேன். அதற்குள் நீக்கியவர்களின் தரவுத்தளங்களில் என் விருப்பங்கள் இன்னும் கிடக்கும். அது இப்போதும் என்னை உறுத்துகிறது.

இதிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. வைத்தவருக்குத்தான் எங்கெங்கே வைத்தோம் என்று தெரியும். ஆகவே சோதனைத் தளத்தில், நீங்கள் அடைவை அழித்து நீக்கிய செருகுநிரலை மறுபடி நிறுவுங்கள். அதன் அமைப்புகளில் "நீக்கும்போது தரவையும் அழி" என்பது போல ஒரு தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்புச் செருகுநிரலில் அப்படி ஒன்று இருக்கிறது, வேறு பலவற்றிலும் இருக்கிறது. அதை இயக்கிவிட்டு முறைப்படி முடக்கி, நிர்வாகப் பலகையிலிருந்தே நீக்குங்கள். பல அட்டவணைகள் தாமாகப் போய்விடும்.

இதை இன்றும் பராமரிக்கப்படும் செருகுநிரல்களுக்கு மட்டும் செய்யுங்கள். பாதுகாப்புக் குறைக்காக வேர்ட்பிரஸின் செருகுநிரல் களஞ்சியத்திலிருந்து விலக்கப்பட்ட ஒன்றைத் துப்புரவுக்காகக்கூட மீண்டும் உள்ளே விடாதீர்கள்.

செம்மண்பாட்டு

நிரலி, இது பொன்னான யோசனை. சோதனைத் தளம் எழும்பிவிட்டது, ஒப்பாரிப் பாடல்களைத் திறந்து வரி வரியாகப் படித்தேன், எழுத்து ஒன்றும் சிதையவில்லை. நீங்கள் சொன்னபடி ஒன்பது செருகுநிரல்களை நிறுவி நீக்கினேன். 61 அட்டவணை 44 ஆகிவிட்டது. ஆனால் தானாக ஏற்றப்படும் அளவு 3.4இலிருந்து 3.1 மெகாபைட்டுக்குத்தான் இறங்கியது. வேகத்தில் மாற்றமே இல்லை.

வைகைக்கரை

மாற்றம் இருக்காது, அம்மா. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். யாரும் படிக்காத அட்டவணை வட்டில் இடம் பிடிக்கும், காப்புநகலைக் கனமாக்கும். பக்கத்தைத் தாமதமாக்காது. பரணில் கிடக்கும் பழைய பாத்திரம் அடுப்படி வேலையைத் தடுப்பதில்லை. விருப்பங்கள் சேமிக்கப்படும் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ஆட்டோலோடு, அதாவது தானாக ஏற்று, என்று குறிக்கப்பட்ட வரிகள் அப்படியில்லை. தளத்தின் எந்தப் பக்கத்தை யார் திறந்தாலும், அந்த வரிகள் அத்தனையும் நினைவகத்துக்கு ஏறியாக வேண்டும். உங்கள் 3.1 மெகாபைட் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குகிறது.

2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பிலிருந்துதான் தள நலம் பக்கம் இதை எச்சரிக்கிறது. எல்லை 800 கிலோபைட். நீங்கள் அதைப் போல நான்கு மடங்கில் இருக்கிறீர்கள்.

ஆப்ஷன்ஸ் அட்டவணையில், மதிப்பின் நீளத்தை வைத்து இறங்குவரிசையில் முதல் இருபது வரிகளை எடுங்கள். ஒரு நுட்பம்: பழைய கட்டுரைகளில் ஆட்டோலோடு நெடுவரிசையில் "யெஸ்" என்று இருப்பதை மட்டும் தேடச் சொல்வார்கள். 6.6 முதல் "ஆன்", "ஆட்டோ", "ஆட்டோ-ஆன்" என்ற மதிப்புகளும் அதே பொருளில் வருகின்றன. நான்கையும் சேர்த்துத் தேடாவிட்டால் பாதி கண்ணில் படாது.

கனமானவை கிடைத்ததும் அழிக்காதீர்கள். ஆட்டோலோடை அணைத்து மட்டும் வையுங்கள். அணைத்தாலும் விருப்பம் எங்கும் போய்விடாது. எந்த நிரலாவது கேட்டால் தனி வினவலில் எடுத்துத் தரப்படும், அவ்வளவுதான். அழிப்பதால் கிடைக்கிற வேகத்தில் பெரும்பகுதி, எதையும் இழக்காமலே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

செம்மண்பாட்டு

கிடைத்தது. முதல் மூன்று வரிகளே 2.4 மெகாபைட். ஒன்று, 2016இல் நான் கைவிட்ட படக்காட்சிச் செருகுநிரலின் எழுத்துரு பட்டியல். இன்னொன்று ஒரு பழைய வார்ப்புரு (தீம்) சேமித்த வண்ணங்களும் அமைப்புகளும். மூன்றாவது, வருகைக் கணக்கு எடுக்கும் ஏதோ ஒன்றின் பதிவேடு, அதற்கு ஐந்து ஆண்டாகத் தளத்தில் ஆளே இல்லை.

மூன்றையும் அணைத்தேன். திருத்தும் திரை இரண்டரை விநாடியில் திறக்கிறது. எட்டு ஆண்டுக்கு முன் மூடிய கடையின் சுமையை இத்தனை நாள் ஒவ்வொரு வாசகர் தலையிலும் ஏற்றிவைத்திருக்கிறேன் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

புதுவெள்ளம்

இவ்வளவு சுற்று எதற்கு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை, அண்ணா. ஒரே செருகுநிரலின் விருப்பங்கள் எல்லாம் ஒரே முன்னொட்டோடு தொடங்கும். பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் "லைக்" போட்டு ஒரு வரியில் நீக்கலாமே.

வைகைக்கரை

தம்பி, நீ கேட்டது நல்லதாயிற்று. இதை நான் செய்து, ஒரு வாடிக்கையாளரின் தளத்தை ஒரு முழுநாள் முடக்கியிருக்கிறேன்.

அந்தச் செருகுநிரலின் விருப்பங்கள் டபிள்யூ, பி, அடிக்கோடு என்று தொடங்கின. அந்த மூன்று குறிகளோடு, பின்னால் எது வந்தாலும் சரி என்று பொருள்படும் விழுக்காட்டுக் குறியைச் சேர்த்து நீக்கினேன். மைஎஸ்கியூஎல்லில் "லைக்" என்று தேடும்போது அடிக்கோடு என்பது அடிக்கோடு அல்ல, ஏதேனும் ஓர் எழுத்து என்று பொருள். ஆகவே டபிள்யூபிக்குப் பிறகு என்ன எழுத்து வந்தாலும் அந்த விருப்பம் வலையில் விழுந்தது. தேடுபொறிகளுக்கான யோஸ்ட் எஸ்இஓ செருகுநிரலின் தலைப்பு அமைப்புகள் "டபிள்யூபிஎஸ்இஓ" என்று தொடங்குபவை. அவற்றில் அடிக்கோடே அந்த இடத்தில் இல்லை, அவையும் போயின. எல்லாவற்றையும்விட மோசம், பயனர் பொறுப்புகளைச் சேமிக்கும் விருப்பத்தின் பெயர் தளத்தின் அட்டவணை முன்னொட்டோடுதான் தொடங்கும். பெரும்பாலான தளங்களில் அந்த முன்னொட்டு "டபிள்யூபி_" தான். அதுவும் போயிற்று.

அடுத்த நிமிடம் நிர்வாகி உட்பட எவருக்கும் எந்த உரிமையும் இல்லை. உள்நுழைய முடிந்தது, நுழைந்தால் "இந்தப் பக்கத்தை அணுக அனுமதி இல்லை" என்ற ஒரே வரி. வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயில் பொறுப்புகளை மீட்டமைக்கும் கட்டளையால் அடிப்படைப் பொறுப்புகள் திரும்பின. அவர்கள் தனியாக உருவாக்கியிருந்த "பிழைதிருத்துநர்" பொறுப்பும் தேடுபொறித் தலைப்புகளும் காப்புநகலிலிருந்துதான் வந்தன.

அடிக்கோட்டுக்கு முன் பின்சாய்கோடு இட்டால் அது வெறும் அடிக்கோடாகும். அதையும் முதலில் "டெலீட்" போட்டு ஓட்டக் கூடாது. அதே நிபந்தனையோடு, நீக்காமல் காட்ட மட்டும் செய்யும் "செலக்ட்" ஓட்டி, வரும் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். நாற்பது பெயர் என்றால் நாற்பதையும்.

புதுவெள்ளம்

இது எனக்குத் தெரியாது, அண்ணா. நான் துப்புரவு செய்த மூன்று தளங்களையும் இன்று திறந்து பார்க்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். உறுதி செய்யும்வரை மாற்றங்களைத் திரும்பப் பெற வழி தரும் பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு நீக்கினால், தவறு நேர்ந்தால் பின்வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? அந்த வாடிக்கையாளர் தளத்தில் அது காப்பாற்றியிருக்குமே?

நிரலி

கட்டளைச் சாளரத்தில் ஒரே இணைப்பில் இருந்தால் காப்பாற்றும். பிஎச்பிமைஅட்மினில் நீ ஒரு வினவலை அனுப்பியதும் அந்த இணைப்பு முடிந்துவிடும், அடுத்த சொடுக்கு வேறு இணைப்பு. அதில் பின்வாங்கு என்று சொன்னால் பின்வாங்க எதுவும் இருக்காது. தொடக்கம், நீக்கம், பின்வாங்கல் மூன்றையும் ஒரே பெட்டியில் எழுதி ஒத்திகை பார்க்கலாம், எத்தனை வரி பாதிக்கப்படுகிறது என்பது தெரியும்.

இன்னும் இரண்டு ஓட்டைகள். அட்டவணையையே தூக்கும் "டிராப்" கட்டளை பரிவர்த்தனைக்குள் அடங்காது, ஓடிய நொடியே உறுதியாகிவிடும். பழைய தளங்களில் சில அட்டவணைகள் இன்னும் மைஐசாம் வகையில் இருக்கும். அந்த வகைக்குப் பரிவர்த்தனை என்ற ஒன்றே கிடையாது. 2013இல் தொடங்கிய தளம் என்பதால், அம்மா, வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குற்றாலக்கடை

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். தென்காசியில் மசாலாப் பொடி விற்கிறோம், ஊகாமர்ஸ் கடை. எங்களுக்கு வேலை செய்துகொடுத்த ஒருவர், உரிமையாளர் தெரியவில்லை என்று "ஆக்‌ஷன்ஷெட்யூலர்" என்று தொடங்கும் நான்கு அட்டவணைகளைத் தூக்கிவிட்டார். அப்படி ஒரு செருகுநிரல் பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். மறுநாள் முதல் சந்தா ஆணைகள் ஓடவில்லை, மின்னஞ்சல்கள் போகவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம்.

நிரலி

அது தனிச் செருகுநிரல் அல்ல, பல செருகுநிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரலகம். பின்னணி வேலைகளை வரிசைப்படுத்துவது அதன் பணி. ஊகாமர்ஸ் போனாலும் வேறொன்று அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அது பெருத்துவிட்டால் அட்டவணையைத் தொடாமல் உள்ளே முடிந்துபோன வேலைகளை மட்டும் கழிக்க வேண்டும். முடிந்தவற்றை 30 நாளில் அதுவே கழிக்கும். தோல்வியுற்றவற்றை அப்படியே வைத்திருக்கும், பெருக்கம் பெரும்பாலும் அங்கேதான்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஆணைகள் பதிவுகளாகத்தான் சேமிக்கப்படும் என்பது பழைய கதை. ஊகாமர்ஸ் 8.2 பதிப்பிலிருந்து புதிய கடைகளில் அவற்றுக்குத் தனி அட்டவணைகள். பழைய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு "12இல் இல்லாதது எச்சம்" என்று கணக்குப் போட்டால் ஆணைப் புத்தகமே குப்பைக்குப் போகும்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, பெயரை வைத்து ஊகிப்பது அல்ல. அட்டவணைப் பெயரில் முன்னொட்டை விட்டுவிட்டு மீதிச் சொல்லைச் செருகுநிரல் அடைவு, வார்ப்புரு அடைவு, கட்டாயச் செருகுநிரல் அடைவு மூன்றிலும் கோப்புகளுக்குள் தேடுங்கள். நிரல்களில் முன்னொட்டு மாறியாக இருக்கும் என்பதால் முழுப் பெயரைத் தேடினால் சிக்காது. வார்ப்புருவை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

செம்மண்பாட்டு

இன்று நடந்ததை எழுதும்போதே கை நடுங்குகிறது.

புதுவெள்ளம் சொன்ன வகைத் துப்புரவுச் செருகுநிரலைச் சோதனைத் தளத்தில் நிறுவி, நீக்காமல் அலச மட்டும் விட்டேன். பதிவுகளின் கூடுதல் விவரங்கள் இருக்கும் போஸ்ட்மெட்டா அட்டவணையில் "உரிமையாளர் இல்லை" என்று அது காட்டிய பெயர்களில் சில: பாடகர் பெயர், பாடகர் ஊர், பதிவு செய்த நாள், கற்றுக்கொடுத்தவர். இவை நான் தனிப்பயன் புலங்களுக்கு என் கையால் வைத்த பெயர்கள். எண்பது வயது மூதாட்டிகளிடம் திண்ணையில் உட்கார்ந்து, "இந்தப் பாட்டை யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டு எழுதியவை. ஏறத்தாழ 7,000 வரிகள். அந்தக் கருவிக்கு அவை குப்பை.

"அனைத்தையும் தேர்ந்தெடு" என்று முதல்நாளே அழுத்தியிருந்தால் பாடல்கள் இருந்திருக்கும், பாடியவர்கள் போயிருப்பார்கள்.

வைகைக்கரை

அம்மா, அந்த அச்சம்தான் எனக்கும் முதல்நாள் இருந்தது. கருவியைக் குறை சொல்லவும் முடியாது. அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் போன்ற புலச் செருகுநிரல்கள் நீங்கள் வைத்த பெயரையே திறவுச்சொல்லாகச் சேமிக்கின்றன. அதில் செருகுநிரலின் முத்திரை எதுவும் இராது. பெயரைப் பார்த்து உரிமையாளரைச் சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது.

போஸ்ட்மெட்டாவில் உறுதியாக எச்சம் என்று சொல்லக்கூடியது ஒன்றுதான்: எந்தப் பதிவைச் சேர்ந்ததோ அந்தப் பதிவு எண்ணே போஸ்ட்ஸ் அட்டவணையில் இல்லாத வரிகள். மற்றவற்றை உங்கள் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். அங்கே கிடக்கும் 7,000 வரி உங்கள் வேகத்தைக் குறைக்கவில்லை.

புதுவெள்ளம்

அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன வழியில் போயிருந்தால் பெரிய இழப்பாகியிருக்கும். என் மூன்று தளங்களில் ஒன்றில் புலங்கள் காணாமல் போயிருக்கின்றன. இத்தனை மாதம் யாரும் கவனிக்கவில்லை. பழைய காப்புநகலிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

செம்மண்பாட்டு

மன்னிப்பெல்லாம் எதற்கு, தம்பி? நீங்கள் சொன்னதால்தான் அலசிப் பார்த்தேன், அலசியதால்தான் புலங்களின் பட்டியலைத் தனிக் கோப்பாக எழுதி வைத்தேன். உங்கள் தளம் மீண்டதும் இங்கே சொல்லுங்கள்.

44இல் வேர்ட்பிரஸின் 12 போக மீதி 32 அட்டவணைகளில், கோப்புகளுக்குள் தேடிப் பார்த்ததில் 21க்கு உரிமையாளர் யாரும் இல்லை. இவற்றை நீக்கலாமா?

வைகைக்கரை

நீக்க வேண்டாம், பெயரை மாற்றுங்கள். "டபிள்யூபி" என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு, வேறொரு முன்னொட்டு, நான் இரட்டை "இசட்" வைப்பேன். பட்டியலின் கடைசியில் ஒன்றாகப் போய் உட்காரும். பெயர் மாறிய அட்டவணையை எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே தளத்தைப் பொறுத்தவரை அது இல்லாதது போல்தான். தேவைப்பட்டால் ஒரு வரியில் பழைய பெயரைத் திருப்பித் தரலாம். ஒரு மாதம் இப்படி வையுங்கள். மாதாந்திரச் செய்திமடல், மாத அறிக்கை போன்றவை ஒரு சுற்று வர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. சில காப்புநகல் கருவிகள் தளத்தின் முன்னொட்டு உள்ள அட்டவணைகளை மட்டுமே எடுக்கும், ஆகவே இந்த மாதம் முழுத் தரவுத்தளத்தையும் ஏற்றுமதி செய்யுங்கள். மற்றொன்று, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பட்டியலைப் பாருங்கள். நீங்கள் பெயர் மாற்றிய அட்டவணை பழைய பெயரில் வெறுமையாக மறுபடி முளைத்திருந்தால், அதற்கு உயிருள்ள உரிமையாளர் எங்கோ இருக்கிறார் என்று பொருள்.

பனங்கூடல்

இடையில் ஒரு சொல். தொடர்புப் படிவச் செருகுநிரல்களின் எச்சத்தைத் தனியாகப் பாருங்கள். வாசகர்கள் அனுப்பிய பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் அந்த அட்டவணைகளில் இருக்கும். வேகத்தைக் குறைக்காது, ஆனால் தளம் ஊடுருவப்பட்டால் முதலில் வெளியே போவது அதுதான். எனக்கு இது மட்டுமே, பயன்படாவிட்டால் கட்டாயம் அழிக்க வேண்டிய எச்சம். நம்மை நம்பிக் கொடுத்த எண்கள் அவை.

செம்மண்பாட்டு

பனங்கூடல், நன்றி. தேடினேன், 2014 முதல் 2018 வரை 640 பேரின் தொலைபேசி எண்கள் ஓர் அட்டவணையில் இருந்தன. பாடல் கொடுக்க விரும்பி எழுதிய சிலருடைய கடிதங்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, அந்த அட்டவணையை உடனே நீக்கிவிட்டேன். பழைய காப்புநகல்களிலும் அது இருக்கிறது என்பதால், அவற்றைக் கடவுச்சொல் இட்டு வெளிவட்டுக்கு மாற்றியிருக்கிறேன்.

மீதி 20க்கும் பெயர் மாற்றியாயிற்று. நீக்கிய செருகுநிரல்களின் பழைய பணிகள் இன்னும் கிரான் பட்டியலில், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகளின் பட்டியலில், இருக்கின்றன. அந்தப் பட்டியல் முழுவதும் இருக்கும் ஒரே விருப்பத்தைத் திறந்து தேவையற்ற வரிகளை அழிக்கலாமா?

நிரலி

கையால் திறக்கவே வேண்டாம், அம்மா. அந்த மதிப்பு பிஎச்பி தொடராக்கிய வடிவில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும், அது எழுத்துக் கணக்கு அல்ல, பைட்டுக் கணக்கு. தமிழில் இது நிச்சயம் ஏமாற்றும். "அம்மா" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் புள்ளியும் காலும் தனியாக எண்ணப்பட்டு ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. அங்கே 15 என்று இருக்க வேண்டிய இடத்தில் 3 என்றோ 5 என்றோ ஆகிவிட்டால் முழு மதிப்பும் படிக்க முடியாததாகிவிடும். கிரானில் அது நடந்தால் தளத்தின் எல்லாப் பின்னணி வேலைகளும் நின்றுபோகும்.

கிரான் பட்டியலைக் காட்டும் செருகுநிரல் ஒன்றாலோ டபிள்யூபி-சிஎல்ஐயாலோ தேவையற்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அவை செய்யும் தீங்கும் குறைவுதான், கேட்க ஆளில்லாத மணி அடிப்பது போல.

செம்மண்பாட்டு

பன்னிரண்டாம் நாள். எதுவும் மறுபடி முளைத்தெழவில்லை, ஆனால் ஒன்று சாய்ந்தது.

"பாடகர் ஊர் வரைபடம்" என்ற பக்கம் வெறுமையாக இருப்பதாக ஆலங்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். அந்த வரைபடத்துக்கு ஒரு செருகுநிரல் வைத்திருந்து 2019இல் நீக்கினேன். அதன் அட்டவணையில் ஊர்களின் இருப்பிடங்கள் இருந்ததால், என் மாணவர் ஒருவர் அதை நேரே படிக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை எந்தக் கோப்பிலும் வைக்கவில்லை, நிரல்துண்டுகளைச் சேமிக்கும் செருகுநிரல் வழியாகத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். அதனால்தான் கோப்புகளுக்குள் தேடியபோது சிக்கவில்லை.

பெயரைத் திருப்பிக் கொடுத்தேன். அரை நிமிடத்தில் வரைபடம் வந்துவிட்டது. 312 ஊர்கள்.

வைகைக்கரை

நீக்கியிருந்தால் காப்புநகலைத் தோண்டி அரை நாள் போயிருக்கும். நிரல்துண்டுச் சேமிப்பையும் தேட வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை, இனி என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

குற்றாலக்கடை

எங்கள் தளத்திலும் அப்படி ஒரு நிரல்துண்டுச் செருகுநிரல் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாளை திறந்து பார்க்கிறேன்.

செம்மண்பாட்டு

முப்பத்தைந்தாம் நாள். 19 அட்டவணைகளையும், கனமான அந்த மூன்று விருப்பங்களையும் இன்று காலை நீக்கிவிட்டேன், அதற்குமுன் முழு ஏற்றுமதி ஒன்று எடுத்தேன். தானாக ஏற்றப்படுவது இப்போது 610 கிலோபைட். தள நலம் பக்கத்தின் எச்சரிக்கை மறைந்தது.

ஆப்ஷன்ஸ் அட்டவணையை மட்டும் ஒழுங்குபடுத்தும் "ஆப்டிமைஸ்" கட்டளை கொடுத்தபோது, இந்த அட்டவணை அதை ஏற்காது, மாற்றாக மறு உருவாக்கம் செய்கிறேன் என்று ஏதோ செய்தி வந்தது. பயந்துவிட்டேன். கெட்டுப்போயிற்றா?

வைகைக்கரை

இல்லை, அம்மா. இன்னோடிபி வகை அட்டவணைக்கு அந்தச் செய்தி எப்போதும் வரும். அட்டவணையைப் புதிதாகக் கட்டி, நீக்கிய வரிகளின் இடத்தை வட்டுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. உங்கள் ஹோஸ்டிங்கில் ரெடிஸ் போன்ற இடைமாற்று (கேஷ்) இயங்கினால் அதையும் ஒருமுறை காலி செய்துவிடுங்கள். தரவுத்தளத்தில் நேரடியாக நீக்கியது அதற்குத் தெரியாது, பழைய விருப்பங்களையே தந்துகொண்டிருக்கும்.

செம்மண்பாட்டு

காலி செய்துவிட்டேன். திருத்தும் திரை இரண்டு விநாடிக்குள் திறக்கிறது. "கற்றுக்கொடுத்தவர்" புலத்தில் ஏதாவது குறைந்திருக்கிறதா என்று பழைய நகலோடு ஒப்பிட்டேன். அன்று 1,746 வரி, இன்றும் 1,746 வரி. நாளை கறம்பக்குடிக்குப் போகிறேன், அங்கே ஒரு பாட்டியிடம் இன்னும் பதிவாகாத நடவுப் பாட்டு இருப்பதாகச் சொல்கிறார்கள்.